அரை மாத்திரை

அவளை நான் கணுக்காலில் தொடங்கித்தான் அறிவேன்.
மேடை விளிம்பில் தரையோடு தரையாக ஒரு மரப்பெட்டி,
அதற்குள் என் தலை.
பாடப்போகிற சொல்லை ஒரு நொடி முன்னதாக
எடுத்துக்கொடுப்பது என் உத்தியோகம்.
த்ரியெஸ்தே ஓப்பரா அரங்கில் இருபத்தொன்பது வருடம்.
பார்க்க வந்தவர்களுக்கு நான் ஒரு சிப்பி மூடி.

ஒந்தீனா ஸ்கபார்.
முப்பத்தேழாம் எண் காலணி, இடது குதிகால் பசையில் நிற்கும்.
மேட்டூரில் கல் உடைத்தவரின் மகள்.
அடுக்களையில் ஸ்லோவேனியன், மேடையில் இத்தாலியன்,
வீட்டுக்காரியோடு சண்டைக்கு மட்டும் ஜெர்மன்.

வந்த புதிதில் அவளைத் தலைவி என்றுதான் நினைத்தார்கள்.
இரண்டு பருவம், ஒரு சுவரொட்டி,
அதிலும் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
பிறகு கழுத்தில் ஒரு கட்டி. ஒரு கத்தி.
தையல் ஆறியபோது
குரல் இரண்டு படி இறங்கிக் குடியேறியிருந்தது.
மேல்மாடியைப் பூட்டிவிட்டுக் கீழ்வீட்டில் இருக்கிறேன் என்பாள்.
ஏறிப் பார்க்க ஆசை என்று சொன்னதில்லை.

தோழியானாள்.
பின்பு செவிலி.
கடிதம் கொண்டுவருகிறவள், விளக்கேற்றுகிறவள்,
தலைவி மயங்கி விழுமுன்
நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி வைக்கிறவள்.
"சீமாட்டி, குதிரைகள் தயார்."
ஐந்து சுரம்.
நானூறு முறைக்கு மேல் பாடியிருப்பாள்,
குதிரை ஒன்றுகூட வந்ததில்லை.
அந்த ஐந்து சுரத்துக்காக மதியமே உப்பு மீனை ஒதுக்கினாள்.
போரா காற்று ஆளைத் தூக்கும் நாட்களில்
கம்பளியை மூக்குவரை சுற்றிக்கொண்டு
தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி வந்து சேர்ந்தாள்.
சம்பள நாளில் பின்வாசல் படியில் உட்கார்ந்து
வாடகை, நிலக்கரி, மகனின் பல் என்று கணக்கெழுதுவாள்,
உடம்பில் இன்னும் அரண்மனைத் தாதியின் உடுப்பு.

என்னிடமிருந்து ஒரு சொல்லும் வாங்கியதில்லை.
கொடுத்தது அவள்தான்:
எல்லோரும் குனிந்து வணங்கும்போது
காலணி முனையால் ஓர் அதிமதுர மிட்டாயைப்
பெட்டிக்குள் தள்ளிவிடுவாள்.
நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அப்படித்தான்.

ஒரு பிப்ரவரி.
வெரோனாவிலிருந்து வந்த தலைவிக்கு
மூன்றாம் அங்கத்தில் தொண்டை அடைத்தது.
வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை.
சொல்லைக் கொடுத்தேன். மறுபடி கொடுத்தேன்.
அவளிடம் இல்லாதது சொல் அல்ல.
பின்னால் நின்று அவள் கூந்தலை வாரிக்கொண்டிருந்தாள் ஒந்தீனா.
சீப்பு நிற்கவில்லை.
அரங்குக்கு முதுகைக் காட்டி, அந்த முடிக்குள் முகம் புதைத்து,
பூட்டிய மாடியிலிருந்து எட்டு அடி பாடினாள்.
தலைவி உதட்டை மட்டும் அசைத்தாள்,
என் வேலையை.

மறுநாள் செய்தித்தாள் எழுதியது:
வெரோனாக்காரியின் குரலில் இதுவரை கேளாத ஓர் இருள்.

அன்றிரவு ஒப்பனை அறை வாசலில் ஒந்தீனா கேட்டது ஒன்றுதான்.
"கடைசிச் சுரம் கொஞ்சம் தாழ்ந்ததா?"
தாழ்ந்துதான் இருந்தது.
இல்லை என்றேன்.
"சொல் தருகிறவன் பொய் சொன்னால் எங்கே போவது"
என்று தழும்பின்மேல் இருந்த பவுடரைத் துடைத்தாள்.

இப்போது இருவருக்கும் ஓய்வூதியம்.
நேற்று ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள்.
முழு உயரத்தில் அவளைப் பார்ப்பது இன்னும் பழகவில்லை.
"எனக்கு ஒரு" என்று நிறுத்தினாள்.
கடைக்காரி காத்திருந்தாள்.
காற்று கதவை இடித்துக்கொண்டிருந்தது.
பழக்கதோஷம், என் வாய் முந்திக்கொண்டு
"கறுப்பு ரொட்டி" என்று கிசுகிசுத்துவிட்டது.

திரும்பாமலே சொன்னாள்:
"அவசரப்படாதே.
இன்னும் அரை மாத்திரை இருக்கிறது."

பிறகு, இடமறிந்து மூச்செடுத்துக் கேட்டாள்,
கறுப்பு ரொட்டி,
பாதி போதும்.