இருப்பு கீ/இ

மார்ச் முப்பத்தொன்று. திங்கள். பெருநாள்.
கீழமாசி வீதியில் பாதிக் கடை பூட்டு.
அன்னக்கொடி மிளகாய் மண்டியில் மட்டும்
மாடி டியூப்லைட் எரிகிறது.
சம்பா வற்றல் தூசியில்
நான் தும்முகிறேன்,
கம்ப்யூட்டரின் ஃபேன் திக்கித் திக்கிச் சுற்றுகிறது.

முதலில் டீச்செலவு.
வருசம் முழுக்கக் குடித்த
பன்னிரண்டாயிரத்து எழுநூறு ரூபாய் டீ
இலாப நட்டக் கணக்குக்குள் இறங்கி ஆறிப்போனது.
நாளைக் காலைக் கணக்குப்படி
இந்தக் கடையில் யாரும் டீயே குடித்ததில்லை.
கரண்டு பில், கோணி, சணல், ஏற்றுகூலி,
யாருக்கென்று கேட்கக் கூடாத இதர செலவு,
எல்லாம் சுழி.
என் சம்பளமும் சுழி.

கடன்காரர்கள் அப்படி இல்லை.
தூங்கி எழுந்தாலும் கடன்காரர்கள்தான்.
உசிலம்பட்டி ஒச்சுக்காளை ஓட்டல்,
எட்டாயிரத்து நானூற்று அறுபது.
ஏழாவது முறையாக அதே தொகையை
இந்த வருசத்திலிருந்து அந்த வருசத்துக்கு
அக்கரை சேர்க்கிறேன், ஓடக்கூலி இல்லாமல்.
"வாராக்கடன்னு எழுதிரவா அண்ணாச்சி?" என்றால்
தெய்வநாயகம் அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிடும்.
"போறப்ப வாறப்ப கும்பிடு போட்டுட்டுத்தானம்மா போறான்."
கும்பிடுக்குத் தனித் தலைப்பு இல்லை,
அதனால் கடனாகவே நிற்கிறது.

பிறகு அந்தத் தொகைக்கு வந்தேன்.
நோட்டு செல்லாமல் போன வருசத்து நட்டம்.
ஒவ்வொரு வருச லாபத்திலும் கொஞ்சம் கரைத்தது போக
மிச்சம் முப்பத்தோராயிரத்து இருநூறு.
எட்டு வருசம் சுமக்கலாம் என்கிறது சட்டம்.
எட்டு முடிகிறது,
இன்று நள்ளிரவு.

அப்போது நான் சேர்ந்து மூன்றே மாதம்.
மூட்டை தூக்கிய சீனிச்சாமி
மகள் சடங்குக்கு அட்வான்ஸ் கேட்டார்.
பழைய ஐந்நூறில் ஏழு தாள், எண்ணி நீட்டினேன்.
அதை வைத்துக்கொண்டு
இரண்டு நாள் பேங்க் வாசலில் நின்றார்.
மூன்றாம் நாள் கடைக்கு வரவில்லை.
அதற்குப் பிறகும்.
பேரேட்டில் அவர் பெயரில் இன்னும்
பற்று மூவாயிரத்து ஐந்நூறு.
செல்லாத தாளைக் கொடுத்துவிட்டுச்
செல்லும் கடனாக எழுதியது
நான்தான்.

அண்ணாச்சி படியேறி வருகிறார்,
கையில் காதர் மைதீன் வீட்டுப் பிரியாணித் தூக்கு.
"எட்டு வருச நட்டம் இன்னையோட போச்சாம்மா?"
"வரிக்குப் போச்சு. ஏட்டுல அப்படியேதான் நிக்கும்."
"அப்ப கவர்மெண்டு மறந்துரும்."
"மறந்துரும்."
"நாம?"
பதில் சொல்வதற்குள் அவருக்குத் தும்மல்.
நூறு, என்றேன்.
அது ஒன்றுதான் அன்றைக்கு
நான் கூட்டிப் பார்க்காமல் சொன்ன எண்.

அவர் போனதும்
சீனிச்சாமி கணக்கைத் திறந்தேன்.
வரவு, சீனிச்சாமி: மூவாயிரத்து ஐந்நூறு.
பற்று, பா. முத்திருளாயி: மூவாயிரத்து ஐந்நூறு.
விவரம் கேட்ட கட்டத்தில்
வெகுநேரம் கர்சர் மினுங்கியது.
'திருத்தம்' என்று மட்டும் அடித்தேன்.

பெரியகடைப் பக்கம் ஏதோ ஒரு ஷட்டர்
இழுத்து விழுகிற சத்தம்.
பிரியாணி ஆறியிருந்தது.
இருப்பு கீ/இ.
தேதியை மாற்றினால்
இருப்பு கீ/கொ, என் பெயரில், முதல் வரி.

ஐந்தொகை சரியாக வந்தது.
முன்பும்
சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது.