உள்ளே விழுந்த கண்

தலையைக் கழற்றச் சுடுநீர் வேண்டும்.
கொதிநீர் ஆகாது, விரல் பொறுக்கும் சூடு.
மீ அவிக்கும் அதே சட்டிதான்;
கழுவிவிட்டுத்தான் சமைக்கிறேன்.

பாயா தெருபோங், பதினேழாம் மாடி.
இரவெல்லாம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
நுண்ணோக்கிக்குள் குனிந்து
தங்கக் கம்பி ஒட்டியதா என்று பார்த்துவிட்டு
விடிந்ததும் வந்து பசியாறி
பொம்மைகளுக்குக் கண் மாற்றுகிறேன்.
ஜோடி நாற்பத்தைந்து வெள்ளி.
இமைமுடி தனிக் கணக்கு.

கோயில் சிலைக்குக் கண் திறக்க
தங்க ஊசி, கண்ணாடி, நல்ல நேரம்.
எனக்கு முடி உலர்த்தி, பழைய பல்துலக்கி,
தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு.
நல்ல நேரம் என்பது
மேல்மாடிக்காரர் சுவரைத் துளைக்காத நேரம்.

தூங்கும் கண்ணுக்குப் பின்னால்
ஓர் ஈயக் குண்டு தொங்கும்.
சாய்த்தால் அது நகரும், இமை மூடும்.
தூக்கம் அவ்வளவுதான்.
ஷிப்ட் மாறும் வாரங்களில்
எனக்கும் ஒன்று பொருத்திக்கொண்டால் என்ன
என்று தோன்றும்.

போன மாதம் புலாவ் தீக்குஸிலிருந்து
திருமதி கூ குவாட் கெங் வந்தார்.
பிஸ்கட் டின்னுக்குள் துண்டு சுற்றிய பொம்மை.
வலக்கண் பழுப்பு. இடப்பக்கம் குழி.
"இரண்டையும் மாற்று. நீலம் போடு.
அலமாரியில் வைத்தால் பார்க்கிற மாதிரி இருக்கணும்."

ஆட்டிப் பார்த்தேன்.
வயிற்றுக்குள் என்னவோ உருண்டது.
அழும் பெட்டி இற்றுப்போயிருக்கும் என்று
தலையைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
பெட்டி தூள்தூளாகக் கொட்டியது.
அதன் பின்னாலேயே மேசையில் விழுந்து
இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது
கண்.
பழுப்பு. இமைமுடியோடு.
ஐம்பத்திரண்டு வருடம்
அழுகைக்கும் முதுகுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தும்
ஒரு கீறல் இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.
நான் உறங்கப் போகும்போது அழைத்தார்,
பாதி மலாயில், பாதி தனக்குள் ஹொக்கியனில்.

அந்தக் கண்ணுக்காக அலமாரியை நகர்த்தினார்களாம்.
சாக்கடையைக் கிண்டினார்களாம்.
தம்பி விழுங்கியிருப்பான் என்று
மூன்று நாள் அவன் கழிப்பானையைக்
குச்சியால் கிளறினார்களாம்.
இங்கே சிரித்தார்.
பிறகுதான், தங்கை குவாட் இம்
பிடுங்கி எறிந்தாள் என்று முடிவானது.
பிரம்பு. ஓர் இரவு கதவுக்கு வெளியே.

யார் முடிவு செய்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.

"நான்தான் சொன்னேன்,
பார்த்தேன் என்று."

தங்கை இப்போது தைப்பிங்கில்.
பெருநாளுக்கு வருவாள், ஆரஞ்சு தருவாள்,
பொம்மை இருக்கும் அறையின் பக்கம்
திரும்பமாட்டாள்.

பேச்சு நின்றது.
சட்டியில் நீர் ஆறிவிட்டிருந்தது.
"நீலம் வேண்டாம்."
பழசையே பொருத்திவிடவா என்றேன்.
"வேண்டாம். அதை அவளுக்கு அனுப்பு.
உன் பெயரில் அனுப்பு.
என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்கமாட்டாள்."

பஞ்சில் வைத்து, மாத்திரை டப்பாவில் அடைத்து,
மேலே ஒரு சீட்டு எழுதினேன்:
பொம்மைக்குள்ளேயே இருந்தது.
வேறொன்றும் எழுத எனக்கு உரிமையில்லை.

அஞ்சல் கவுண்டரில் அந்தப் பெண் கேட்டாள்:
உள்ளே என்ன?
கண்.
நிமிர்ந்தாள். ஜோடியா?
ஒன்று.
மதிப்பு எவ்வளவு?
பின்னால் வரிசை நீண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை.
நாற்பத்தைந்தில் பாதி போட்டேன்,
இருபத்திரண்டு வெள்ளி ஐம்பது சென்.

மூன்று வாரம் ஆயிற்று.
பொம்மையை எடுத்துப் போக அவர் வரவில்லை.
தைப்பிங்கிலிருந்து சத்தமில்லை.
என் மேசையில் இடம் போதவில்லை,
வேறு வேலை வரும்போது
அதை ஓரமாகப் படுக்க வைக்கிறேன்.
வலக்கண் மூடிக்கொள்கிறது.