பதினெட்டாம் ராத்திரி

கூலி ஏறும்வரை தறி ஓடாது என்று
சங்கத்தில் தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று.
பதினெட்டு நாளாய்ச் சோமனூர்ப் பக்கம்
காக்கை கரைவது காதில் விழுகிறது.

வெள்ளிக்கிழமை குழுக்கடன் தவணை.
கையில் நானூற்றுப் பத்து ரூபாய்.
பீமில் பாதிப் பாவு.

பதினோரு மணிக்குக் கதவைச் சாத்தி
சன்னலுக்குச் சாக்கை மாட்டி
ஆறில் ஒன்றை மட்டும் ஓட்டினேன்.
தறிச் சத்தம் சாக்குக்கு அடங்குமா?

"எம்பட பிள்ளைக்கு நாந்தானுங்க சோறு போடோணும்,
சங்கமா போடும்?"
யாரும் கேட்காத கேள்விக்கு
நாடா போய்வரும் வேகத்தில்
பதில் சொல்லிக்கொண்டே நின்றேன்.

நாலு மீட்டர் ஆகியிருக்கும். கதவு தட்டும் சத்தம்.
சென்னியப்பண்ணன்.
சாக்கடைத் தகராறில் போன மாசியோடு
என்னிடம் பேச்சை நிறுத்தியவர்.
திட்டட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.
"நாடா வலப்பக்கம் மோதுது துளசிமணி,
எங்கூட்டுக் கட்டிலுக்கே கேக்குது.
ஒடஞ்சா யாரு தருவா?"
ஸ்பேனர் அவரே கொண்டுவந்திருந்தார்.
தறியை நிறுத்தி இரண்டு போல்ட்டை முறுக்கினார்,
கழிவு நூலில் கையைத் துடைத்தார்.
ஓட்டு என்றும் சொல்லவில்லை
நிறுத்து என்றும் சொல்லவில்லை.

இனி மோதாமல் ஓடும்.
அதனால்தானோ என்னவோ
சுவிட்சுக்குக் கை போகவில்லை.

அந்த அமைதியில்தான் கேட்டது,
தெற்கே, பள்ளிக்கூடத்துக்கும் அப்பால்
சாக்குக்குள் முனகும் இன்னொரு தறி.

அண்ணன் வாசற்படியில் நின்று காது கொடுத்தார்.
"அதுக்கும் வலப்பக்கந்தான்" என்றார்,
ஸ்பேனரோடு இருட்டில் இறங்கினார்.