கடைக்கண்

சுழிக்குக் கீழே பதினான்கு பாகை.
ஹோர்த்தோபாஜ் புல்வெளியில் காரை நிறுத்தி
விளக்கை அணைத்துவிட்டு
இருபது நிமிடம் எதையும் பாராமல் நிற்கிறோம்.
கண்ணுக்குள் இருட்டு ஊறவேண்டும்.

வென்செல் பால் லாரி ஓட்டுகிறார்.
நான் தெப்ரெட்சென் ஆஸ்பத்திரியில்
இரவெல்லாம் ரத்த அணுக்களை எண்ணுகிறவள்.
இன்று இருவருக்கும் விடுப்பு.
விடுப்பை இப்படியா செலவழிப்பது என்று
இரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டார்கள்.

கிழக்கே ஓர் ஏற்றக் கிணறு.
கோடையில் மாடுகளுக்கு இறைத்த கழி
இப்போது எங்களுக்குச் சுட்டுவிரல்.
அதன் நுனியில் திருவோணம் வந்து உட்கார்ந்ததும்
அங்கிருந்து இடப்பக்கம், சற்று மேலே,
ஒவ்வொரு விண்மீனாய்க் காலூன்றிப் போகிறேன்,
கல்லிலிருந்து கல்லுக்கு ஆற்றைத் தாண்டுகிறவள் போல.

ஒரு கறை.

பஞ்சுத் துணுக்கு. என் மூச்சு படிந்ததோ?
துடைத்தேன். இருக்கிறது.
வால்வெள்ளி இருக்கவேண்டிய இடம் இதுவல்ல.
அப்படியானால் இது வேறு.
அப்படியானால் இதுவரை எவரும் காணாதது.
அப்படியானால்...
கெரெச்சேனி வால்வெள்ளி என்று
சத்தமில்லாமல் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
உதடு வெடித்து உப்புக் கரித்தது.

"அரைமணி பொறு. நகர்ந்தால் கூப்பிடு."

நகரவில்லை.
வரைபடத்தைச் சிவப்பு விளக்கில் விரித்தோம்.
வால்வெள்ளி தேடுகிறவர்கள் ஏமாறாதிருக்க
இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்
ஒருவர் எழுதிவைத்த பட்டியலில்
எழுபத்தொன்றாம் எண்.
விண்மீன் கொத்து. எங்கும் போகாது.
எச்சரிக்கைப் பலகையிலேயே முட்டிக்கொண்டவள் நான்.
சிரித்தோம். அவர் சிரிப்பு மீசையில் உறைந்தது.

நாங்கள் தேடிவந்தது அவிட்டத்துக்குக் கீழே.
அதற்கு மனிதர் பெயர் கிடையாது.
எங்கோ ஒரு மலைமேல்
கொட்டாவி விடத் தெரியாத இயந்திரம் கண்டுபிடித்தது.
பைனாகுலரில் இல்லை. தொலைநோக்கியில்
நேராகப் பார்த்தாலும் இல்லை.
பார்வையைப் பக்கத்து விண்மீனிடம் கொடுத்துவிட்டு
கவனத்தை மட்டும் இங்கே வைத்துக்கொண்டால்
கடைக்கண்ணில் கசிகிறது.
குழாயை நகத்தால் தட்டினேன்.
வானம் நடுங்கியது, கசிவும் கூடவே நடுங்கியது.
இருக்கிறது.
வரப்போகும் சூரியனுக்கு எதிர்ப்புறமாக
வாலா கீறலா என்று சொல்லமுடியாத ஒரு நீட்சி.

"பாருங்கள்."
முழங்காலிட்டார். பனி நொறுங்கியது.
"பார்த்தேன்" என்றார்.
கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னார்.
"வால் எந்தப் பக்கம்?"
"கீழே... வலது."

மேலே, இடது.

எதிரே வரும் லாரி விளக்குகள்
பூவாய் விரிகின்றன என்று
இலையுதிர் காலத்தில் ஒருநாள் சொன்னார்.
அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

பேனா மை உறையும் என்பதால் பென்சில்.
நான்கு மணி முப்பத்தேழு. வானம் தெளிவு.
விண்மீன்களையும் குவியம் கலைத்துக் கறையாக்கி
அருகருகே வைத்து ஒப்பிட்டேன்: ஒளி எட்டரை.
பார்த்தவர்: இபோயா கெரெச்சேனி,

காற்புள்ளியில் நின்றுவிட்டேன்.
இருபத்தோராண்டுக் குறிப்பேட்டில்
ஒரு பொய்கூட இல்லை.
நட்பில் எத்தனை போட்டிருக்கிறோம் என்று
யார் கணக்கு வைத்தது?

கையுறையைப் பல்லால் கழற்றி
பென்சிலை என்னிடமிருந்து வாங்கினார்.
காற்புள்ளியை முற்றுப்புள்ளியாக்கினார்.
கீழே, லாரிக்காரக் கொட்டை எழுத்தில்:
வென்செல். காணவில்லை.
அடிக்கோடு வேறு.

கிழக்கு விளிம்பில் சாம்பல் ஏறுகிறது.
தொழுவத்தில் ஒரு மாட்டின் கழுத்துமணி.
இன்னும் பத்து நிமிடம் இருக்கலாம், ஏழும் இருக்கலாம்.
"இடது கண்ணால் பார்க்கிறேன். தட்டு" என்கிறார்.

தட்டுகிறேன்.
தூங்குகிறவர் வீட்டுக் கதவை
எழுப்பவும் மனமில்லாமல்
போகவும் மனமில்லாமல்
தட்டுவதுபோல.
"இன்னும்" என்கிறார்.
தட்டுகிறேன்.