கேட் போட்டிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம் என் கிளினிக்.
அந்தப் பக்கம் பாக்கியநாதன்.
கேட் போட்டால் எனக்கு நோயாளிகள் வருவார்கள்.
டேங்கர் வேகன்கள் ஊர்ந்து முடியும்வரை
பொறுக்காத காய்ச்சல்
என் பெஞ்சில் வந்து உட்காரும்.
திறந்ததும் பாதிப் பேர்
டோக்கனை வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

அவர் படித்தது எட்டாவதோ பத்தாவதோ.
ஸ்டான்லி பக்கம் ஒரு டாக்டரிடம்
இருபது வருஷம் ஊசி கொதிக்க வைத்தவர்.
எழுபது ரூபாய்.
ஊசி, மாத்திரை,
“என்னம்மா, மருமக திரும்பி வந்துட்டாளா?”
எல்லாம் அதிலேயே அடக்கம்.
நான் நூறு வாங்கிக்கொண்டு வெந்நீர் குடிக்கச் சொல்வேன்.
சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று
விளக்கி முடிப்பதற்குள்
கேட் திறந்துவிடும்.

மாநகராட்சி நிலையமும் இருக்கிறது, காசில்லை.
பிரஷர் மாத்திரைக்கு அங்கே,
உடம்பு வலிக்கு அவர்,
அவர் போட்ட இடம் வீங்கினால் நான்.
மூன்று சீட்டும் ஒரே மஞ்சப்பையில்.
ஒன்றின் கண்ணில் இன்னொன்றைக் காட்டமாட்டார்கள்,
சக்களத்திகள் மாதிரி.

ஜூலையில் நூறை எண்பதாக்கினேன்.
அவர் அறுபதாக்கி ஃபேனையும் மாற்றினார்.
‘பி.பி. இலவசம்’ என்று வாசலில் எழுதி வைத்தேன்.
அவர் ஒன்றும் எழுதவில்லை.
கடை வாடகை பதினாலாயிரம்.

தேசம்மாள் வந்தது ஒரு வியாழக்கிழமை.
மீன் கூடை சுமந்து இறுகிய தோள்,
வேறொன்றும் இல்லை.
“ஊசி உண்டா?”
“தேவையில்லைம்மா.”
“அப்ப நீ எதுக்கு?”
வெளியே ரயில் போய்விட்டது.
கேட் தூக்கப்போகிறார்கள்.
டிராயரில் பி காம்ப்ளெக்ஸ் இருந்தது,
யாரையும் கெடுக்காத மஞ்சள்.
எடுத்தேன்.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு
“இப்பதான் கை லேசா இருக்கு” என்றாள்.
மருந்து இன்னும்
தோளைத் தாண்டியிருக்காது.

மறுநாள், கேட் திறந்திருக்கும்போதே ஆறு பேர்.
சட்டைக் கை, ரவிக்கைக் கை எல்லாம்
முன்கூட்டியே ஏறியிருந்தன.

சாயங்காலம் ஒரு பையன்
தண்டவாளம் தாண்டி வந்தான்.
கவரில் டீ, ஒரு துண்டுச் சீட்டு.
“பாக்கியநாதன் சார் குடுத்தாரு.
ஊசி மொத்தமா எடுக்குற கடை நம்பராம்.
அவரு பேரச் சொன்னா
கொறச்சித் தருவாங்களாம்.”

அதற்குள் கேட் போட்டுவிட்டார்கள்.
திரும்பிப் போக முடியாமல்
என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.
லேசாக இருமுகிறான்.