எடைச்சீட்டு

புதுவயல் அரைவை மில் வாசலில்
லாரி ஏறி நிற்கும் இரும்பு மேடை.
பக்கத்துக் கண்ணாடி அறையில் என் வேலை.
நெல்லோடு ஒரு எடை, இறக்கிவிட்டு ஒரு எடை,
கழித்து வருவதைச் சீட்டில் அடித்துக் கொடுப்பேன்.
டன்னுக்குப் பழகிய கண்ணுக்கு
நாலு கிலோ எழுநூறு என்பது
தார்ப்பாய்க் கிழிசலில் ரோட்டோடு போகும் நெல்.

அவள் பெயர் சிகப்பி.
பிறந்த அன்று மேனியில் மாசு மறு இல்லை.
முறைக்கு வரவேண்டிய பெயர், வைத்தோம்.
மூன்றாம் வாரம்
இடது இமையில் கொசு கடித்தாற்போல் ஒரு புள்ளி.
ஆறாம் வாரம் கோவைப்பழம்.
மூன்றாம் மாதம் இமை தூக்க முடியவில்லை,
நாதாங்கி விழுந்த கதவு மாதிரி.

பெயரை மாத்துங்கப்பா என்றார்கள் பங்காளிகள்.
கிரகணத்தன்னிக்கு காய் நறுக்கினியா என்று
யாரோ கேட்டதற்கு
அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டே உமையாள் சொன்னாள்:
தினமும்தான் நறுக்கினேன்.

காரைக்குடியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
ரத்தக்குழாய்கள் கூடிப் போட்ட முடிச்சு,
முதுகில் இருந்தால் தொடவே வேண்டாம் என்பேன்,
வந்தது போலவே போகும், வருஷக்கணக்கில்.
கன்னத்தில் மெல்லிசாக இருந்தால்
சொட்டு மருந்து தடவிப் பார்க்கலாம்.
இது கண்.
மூடியே கிடக்கும் கண்ணை
மூளை மறந்துவிடும்.

திருப்பத்தூர் தாண்டி மேலூர் வரைக்கும்
பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மதுரையில் இரண்டு நாள் படுக்கை.
நாடித்துடிப்பு, சர்க்கரை, திரும்பவும் நாடித்துடிப்பு.
மருந்தின் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மில் முதலாளி படபடப்புக்கு விழுங்கும் அதே ப்ரொப்ரனலால்,
இவளுக்குத் திரவமாக, ஊசியில்லாத சிரிஞ்சில்,
கிலோவுக்கு இவ்வளவு என்று.
பால் குடித்தபிறகுதான் கொடுக்கணும்.
குடிக்காத நேரம், வாந்தி எடுத்த நேரம்
கொடுக்காமல் போன் பண்ணுங்கள்.
லேசர்? என்றேன்.
மிச்சம் இருந்தால், பிற்பாடு.
ஆபரேஷன்?
அதுக்கென்ன அவசரம்.
உமையாள் கேட்டது ஒன்றே ஒன்று:
அவளுக்கு வலிக்குதா?
இல்லை என்றார்.
அப்புறம்தான் அவள் அழுதாள்.

ஞாயிறுதோறும் மில்லில்
மூட்டைத் தராசின் தவிட்டைத் துடைத்துத் துண்டு விரிப்பேன்.
ஐந்து இருநூறு. ஐந்து அறுநூற்றைம்பது.
நான் அனுப்பும் எண்ணுக்கு
மதுரையிலிருந்து வேறொரு எண் வரும்.
என்ன லோடு? என்றார் டிரைவர் மீராசா.
சிகப்பி.
சிகப்பரிசிக்கு இப்ப நல்ல விலை என்று சொல்லிவிட்டு
எட்டிப் பார்த்தவர்
பீடியை அணைத்துவிட்டார்.

மாதம் ஒரு போட்டோ, அதே டியூப்லைட்டுக்குக் கீழே.
ஐந்தாவது படத்தில்தான் சிவப்புக்குள்
சாம்பல் தெரிந்தது.
நடுவில் சளிக்காய்ச்சல்,
நான்கு நாள் மருந்தை நிறுத்தினோம்.
அந்த நான்கு நாளும் எந்தப் படமும் எடுக்கவில்லை.

இப்போது பத்து மாதம். இமை திறந்துவிட்டது.
திறந்த கண்ணுக்குப் பார்க்கச் சோம்பல்.
அதனால் தினமும் இரண்டு மணி நேரம்
நல்ல கண்ணை ஒட்டி மூடச் சொல்லியிருக்கிறார்கள்.
பிய்த்து எறிவாள், மறுபடி ஒட்டுவோம்,
அவள் கத்தல் முதலாளி வீடு வரை கேட்கும்.

நேற்று என் மடியில் உட்கார்ந்திருந்தாள், ஒட்டோடு.
மேடையில் ஏறியது மீராசா லாரி.
எண்பலகையில் சிவப்பு எழுத்துகள்
நடுங்கி, ஓடி, நிற்கப் பார்த்து, மறுபடி ஓடின.
இடது கண் அவற்றின் பின்னாலேயே போயிற்று.

ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார் மீராசா.
சீட்டு அடிக்க மறந்துபோயிருந்தேன்.