ஏழாவதன் கீல்

முதலாவதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

இரண்டாவது,
எழுந்து நின்று மிதித்தால் இரும்பு, உட்கார்ந்தால் பஞ்சு.
பெடலின் அச்சையே பின்கையில் ஏற்றியிருந்தாள்.
நான் எழுந்ததும் என் எடை போய்
ஸ்பிரிங்கின் வாயைப் பொத்தியது.
மலையிறங்கும்போது யார் உட்கார்ந்து வருவார்கள், ஹெலத்?
கொட்டகைக் கதவில் சாய்ந்து
வேல்ஸ் மழையைப் பார்த்தபடி
"நல்ல கேள்வி" என்றாள்.
ஒரு வாரம் பேசவில்லை.

மூன்றாவதில் கீலே கிடையாது.
பால் லாரியின் பழைய பட்டை ஸ்பிரிங்கை
அறுத்துத் தேய்த்துச் சட்டத்துக்கு வாலாக்கினாள்.
வளைந்தது. அழகாகத்தான் வளைந்தது.
நிறுத்தத்தான் தெரியவில்லை அதற்கு,
ஒரு கல்லுக்கு ஆறு துள்ளல்.
நான்காவதில் என் காறையெலும்பு.
ஐந்தாவதில் பன்னிரண்டு கீல், இருபத்துநான்கு பேரிங்,
பிரசங்கத்தின் நடுவே இருமத் தொடங்கிய சபை போல
ஒன்று மாற்றி ஒன்று கிறீச்சிட்டது.
ஆறாவதைச் செஸ்டரில் ஒரு பல் மருத்துவர் வாங்கினார்.
ஓட்டவில்லை. சுவரில் மாட்டியிருக்கிறார்.
வாய் திறந்து படுத்திருப்பவர்கள் பார்க்கிறார்களாம்.

பகலில் அவளுக்கு லாரிகளின் ரேடியேட்டர்.
இரவில் அட்டையில் வெட்டிய பின்கை, ஒரு குண்டூசி,
சக்கரத்தின் மையத்தில் செருகிய பென்சில்.
பின்கையை மேலே தூக்குவாள், சுவரில் கோடு விழும்.
தூக்கத் தூக்க அது முன்னோக்கிச் சாய்ந்தது.
"பார், கல் அது பாட்டுக்குக் கிடக்கிறது.
சக்கரம்தான் சண்டைக்குப் போகிறது."
குண்டூசியைப் பிடுங்கி
நான்கு விரற்கடை மேலே குத்தினாள்.
கோடு பின்னால் சாய்ந்தது.

சொல்வதற்கு அவ்வளவுதான்.
கீல் ஏறியதும் செயின் போதவில்லை,
ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டு
கழுதையாய்ப் பெடலைப் பின்னால் உதைத்தது.
உதையை நிறுத்த, கீலின் தோளில்
பதினாறு பல் வைத்த குட்டிச் சக்கரம்.
செயின் அதன்மேல் ஏறி, சுற்றிப் போனது.
உதை நின்றது, முனகல் வந்தது.
பிரேக் பிடித்தால் பின்பக்கம் குந்தியது,
அதற்குத் தனியாக ஒரு கம்பி.
மருந்துக்கு மருந்து கொடுத்துப்
பிப்ரவரி கழிந்தது.

யோர்வெர்த்தின் பண்ணைக்கு மேலே
மூடிப்போன ஸ்லேட் சுரங்கம்.
அதன் பழைய படிகள் முப்பத்தெட்டு,
ஈரத்தில் கத்தி முதுகாய்ப் பளபளக்கும்.
நான்காவது என்னை எறிந்தது அங்கேதான்.
மேட்டில் ஏழாவது முனகிக்கொண்டே வந்தது,
என் கால்களிடம் வரி வசூலித்தபடி.
உச்சியில் பல்லைக் கடித்தேன்,
காறையெலும்பு தன் பங்குக்கு நினைவூட்டியது,
விட்டேன்.

அடி வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
ஒவ்வொரு படியிலும் பின்சக்கரம் ஓரடி ஒதுங்கி,
"நீ இரு, நான் மேலே போகிறேன்" என்பதுபோல் ஏறியது.
வண்டி எனக்குக் கீழே நீண்டது, திரும்பச் சுருங்கியது.
படிகளை எண்ண மறந்தேன். பத்தொன்பதோ இருபதோ.
பிரேக்கையும் மறந்ததால்
யோர்வெர்த்தின் ஆட்டு வேலியில் போய் நின்றேன்.

அவள் ஓடிவந்தாள்,
நேராகப் பின்சக்கரத்திடம்.
ஷாக்கின் ரப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துவிட்டு
"எப்படி?" என்றாள்.
அங்கே கல்லே இல்லை என்றேன்.
யோர்வெர்த் வேலிக்காசு கேட்டார்.

மே மாதம் காப்புரிமை அலுவலகத்தின் கடிதம்:
இது முன்பே ஒருவர் செய்தது.
இணைப்பில் மங்கிய வரைபடம்,
எங்கோ ஒரு ஆள், எங்கள் பிறப்புக்கு முன்னால்.
அதே கீல். ஏறத்தாழ அதே உயரம்.
அவள் அழுவாள் என்று தேநீர் போடப் போனேன்.
திரும்பி வந்தபோது தாளை விளக்கில் பிடித்து
நகத்தால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபது பல் வைத்திருக்கிறான்" என்றாள்.
"அதனால்தான் அவனுடையது முனகியிருக்காது."

தேநீர் ஆறியது.
லேத்தை ஓடவிட்டிருந்தாள்.